தேநீருக்கு நிற்காத லாரிகள்

ஜூலை 29, செவ்வாய்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. எந்த லாரி எந்த முக்கில் நிற்கிறது என்று சொல்வதுதான் எங்கள் கம்பெனியின் பிழைப்பு. என் தெருவுக்கு வரவேண்டிய லாரி எங்கே தொலைந்தது என்று மட்டும் எனக்குத் தெரியாது. மேல்வீட்டில் இரண்டு குடம் தண்ணீர் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கார அம்மாள் குடத்தோடு சேர்த்து வழக்கமான கேள்வியையும் கொடுத்தார்: "ஏனுங்க தாரணி, இந்த வருசமாச்சும் கல்யாணச் சாப்பாடு போடுவீங்களா?" முப்பத்தாறு வயதில் தனியாக வாடகை வீட்டில் இருக்கிற பெண்ணை யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் போல.

காலையில் முதலாளி கிரிதரன் சார் எல்லோரையும் அலுவலக மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். எங்கள் கம்பெனி "தடம்" பங்குச் சந்தைக்குப் போகிறது. ஆவணி பிறந்ததும் பங்கு வெளியீடு. அமெரிக்காவில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்த மனிதர், ஆடியில் எதையும் தொடங்கமாட்டாராம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கொடுத்த பங்குகள் என்னிடம் இருக்கின்றன. இத்தனை வருடம் அவை வெறும் காகிதம். இனி விலை உண்டு.

விளாங்குறிச்சியில் பார்த்து வைத்திருக்கும் பிளாட்டை நினைத்துக்கொண்டேன். இரண்டாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. அங்கே மேல்வீட்டில் யாரிடமும் குடம் நீட்ட வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

பில்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். சேமிப்பு மொத்தமும் காலி. மீதியைக் கார்த்திகைக்குள் கட்ட வேண்டும்.

அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல். கம்பெனியின் உள்விவரம் தெரிந்தவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. வெளியே வராத எந்தச் செய்தியையும் யாரிடமும் சொல்லக்கூடாது. கணவன், மனைவி, பெற்றோர், கூடப்பிறந்தவர்கள் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறார்கள். மீறினால் வேலை போகும், அபராதம், வழக்கு. பங்கு பட்டியலான பிறகும் கம்பெனி "விண்டோ" திறந்திருக்கும் நாட்களில்தான் நாங்கள் விற்கலாம். செப்டம்பர் காலாண்டுக் கணக்கு வெளியானால்தான் அந்த ஜன்னல் முதல்முறை திறக்கும். அதாவது நவம்பர்.

கையெழுத்துப் போட்டேன். என்னிடம் என்ன பெரிய ரகசியம் இருக்கிறது? லாரி எங்கே இருக்கிறது என்று சொல்ல அதில் வைத்த ஜிபிஎஸ் பெட்டி ஊமையாகிவிட்டால் முதலாளிக்கு போன் போட்டு ஏன் என்று கேட்பது என் பிரிவின் வேலை. நாமக்கல்காரர்களும் சங்ககிரிக்காரர்களும் எங்களைத் திட்டுவார்கள். திட்டு வாங்குகிற பதினான்கு பேருக்கு நான் தலைவி.

ஆகஸ்ட் 9, சனி

கணபதியில் அக்கா வீட்டில் சாப்பாடு. கொள்ளுப் பருப்பும் ரசமும். கலாமணி அக்கா கையில் கொள்ளு மட்டும் தப்பு செய்வதே இல்லை.

அக்கா வீட்டுக்காரர் நாச்சிமுத்து மாமா ஒரு சேதி சொன்னார். அன்னூரில் வாங்கிப் போட்டிருந்த சைட்டை விற்றுவிட்டார்களாம். போன மாதமே பத்திரம் முடிந்துவிட்டது, எனக்கு இப்போதுதான் தெரிகிறது. எங்கள் வீட்டில் இது பழக்கம். நல்ல காரியம் கைக்கு வந்து சேருகிறவரை யாரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள், கண்பட்டுவிடும். அக்கா உண்டானபோது எனக்கே ஐந்தாம் மாதம்தான் தெரியும்.

மாமாவின் லேத் பட்டறை இருபது வருடமாக வாடகை ஷெட்டில் ஓடுகிறது. இடத்துக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். சைட்டு விற்ற பணத்தில் அரசூரில் சொந்தமாக ஒரு ஷெட் வாங்கப் போகிறார். தை மாதம் பத்திரப் பதிவு.

"அதுவரைக்கும் பணம் சும்மாதானே கெடக்குது" என்றார். "உன்ற கம்பெனி வருதாமல்லோ. நம்மூட்டுப் புள்ள வேலை செய்யற எடம். கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம்னு இருக்கறேன்."

"அது உங்க விருப்பமுங்க மாமா. என்னையக் கேக்காதீங்க" என்றேன்.

"கேக்கலியே அம்மிணி" என்று சிரித்தார்.

இந்த மனிதர்தான் என்னை டிவிஎஸ் பிப்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போய் பொறியியல் கல்லூரியில் சேர்த்தவர். அப்பா அப்போது படுக்கையில் இருந்தார்.

ஆகஸ்ட் 13, புதன்

ஜெரால்டு என் பிரிவில் திரையைப் பார்க்கிற பையன். தூத்துக்குடிக்காரன், வாய் அதிகம், கண் அதைவிட அதிகம். மதியம் கூப்பிட்டான்.

"அக்கா, மே மாசம் வந்தாங்கள்ல, அந்தப் புது கஸ்டமர். இருபத்திரண்டாயிரம் வண்டி. இதுவரைக்கும் ஒருத்தன்கூட நம்மளைத் திட்டலை."

"சந்தோசப்படு."

"லாரிக்காரன் திட்டாம இருப்பானாக்கா?"

வரைபடத்தைப் பெரிதாக்கினான். இருபத்திரண்டாயிரம் புள்ளிகளும் நீலாம்பூர் புறவழிச்சாலை ஓரத்தில் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. எல்லாவற்றிலும் இன்ஜின் ஓடுவதாகக் காட்டுகிறது.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, எனக்கு எதையும் கிளறாமல் இருக்க முடியாது. ஒரு தகர ஷெட். முன்னால் லாரி நுழைகிற அளவுக்கு வழியே இல்லை. வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து தினத்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"லாரியா? இங்க ஏதுங்க லாரி. உள்ள பொட்டிதான் அடுக்கி வெச்சிருக்குது. கரண்ட்டு போனா உடனே போன் பண்ணச் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதானுங்க என்ற வேலை."

ஷட்டருக்குக் கீழே இருந்த சந்தில் குனிந்து பார்த்தேன். இருட்டில் சின்னச் சின்னப் பச்சை விளக்குகள் தரையிலிருந்து கூரைவரை சிமிட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பங்கு வெளியீட்டுப் புத்தகத்தின் அட்டையில் "அறுபதாயிரம் வண்டிகள்" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. இந்த இருபத்திரண்டாயிரமும் சேர்த்துத்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கிரிதரன் சாரிடம் நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். என் கடமை முடிந்தது.

அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்தினார், காபி வரவழைத்தார். "அதெல்லாம் வண்டியில மாட்டப் போற சரக்கு தாரணி. டெஸ்டிங்ல இருக்கு. நீங்க கவனிச்சதுல ரொம்ப சந்தோஷம். வேற யாரும் கவனிக்கலை பாருங்க."

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, "சும்மா தெரிஞ்சுக்கறதுக்காகக் கேக்கறேன். நிஜமா ஓடற லாரின்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றார்.

பத்து வருட அனுபவத்தை ஒருவர் மதித்துக் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? சொன்னேன். தொப்பூர் இறக்கத்தில் வேகம் குறையும். சுங்கச்சாவடியில் நிற்கும். சரக்கு இறக்குகிற இடத்தில் அரை நாள் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பாதி வண்டி ஓடாது. அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

நான் வெளியே வரும்போது கேட்டார்: "விளாங்குறிச்சி பிளாட் எப்படிப் போகுது?"

நான் அலுவலகத்தில் யாரிடமும் பிளாட்டைப் பற்றிச் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வெளியீடு இன்று முடிந்தது. விற்பனைக்கு வைத்திருந்த பங்குகளைப் போல நாற்பத்தொரு மடங்கு கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறது. ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மாமா தன் பெயரில், அக்கா பெயரில், அவர் அம்மா பெயரில் என்று மூன்று விண்ணப்பம் போட்டிருக்கிறார். எண்பது வயது அம்மாவின் போனில் வங்கி அனுமதி கேட்டபோது அந்தம்மா கடன்காரன் என்று நினைத்து அணைத்துவிட்டாராம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அக்கா பெயருக்கு மட்டும் ஒரே ஒரு லாட், எழுபது பங்கு, கிடைத்தது. எனக்குப் பெரிய நிம்மதி. ஒரு லாட்டால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள்.

நாளை விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை மாவு வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இருநூற்றுப் பத்து ரூபாய்க்குக் கொடுத்த பங்கு இருநூற்று அறுபத்தெட்டில் தொடங்கி, மதியத்துக்குள் முந்நூறைத் தொட்டது. மும்பையில் கிரிதரன் சார் மணி அடிப்பதைப் பெரிய திரையில் காட்டினார்கள். மைசூர்பா, பிரியாணி, ஆட்டம். ஹெச்.ஆர். பெண் அழுதேவிட்டாள். என் பங்குகளை விலையால் பெருக்கிப் பார்த்தேன். பிளாட் பணம் போக கார் வாங்கவும் மிஞ்சும். நானும் கொஞ்சம் ஆடினேன், எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நாங்கள் விற்க முடியாது. ஜன்னல் சாத்தியிருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்

ஓடுகின்றன.

நீலாம்பூர்ப் புள்ளிகள் எல்லாம் திங்கட்கிழமையிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டன. சேலம், தொப்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர். தொப்பூர் இறக்கத்தில் வேகம் குறைகிறது. சுங்கச்சாவடியில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்யப்போகிறதோ பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், பிறகு நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். பெட்டிகளை வண்டிகளில் மாட்டியிருப்பார்கள். சார் சொன்னபடி.

ஜெரால்டு நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தான்.

"ஒருத்தனும் டீக்கு நிக்க மாட்டேங்கிறான் அக்கா."

"என்ன?"

"இருபத்திரண்டாயிரம் டிரைவர். ஒருத்தன்கூட டீக்கடையில நிக்கல. ஒண்ணுக்குக்கூட இறங்கல. சுங்கச்சாவடி, இறக்கம், குடோன். வேற எங்கயும் பிரேக்கே இல்ல."

நான் கிரிதரன் சாரிடம் டீயைப் பற்றிச் சொல்ல மறந்திருந்தேன். ஜெரால்டிடம் வேலையைப் பார் என்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

பதவி உயர்வு. துணைத் தலைவர். தனி அறை, கண்ணாடிக் கதவு. சம்பளமும் நன்றாகவே கூட்டியிருக்கிறார்கள். பத்து வருடம் திட்டு வாங்கியதற்கு இப்போதாவது ஒரு மரியாதை.

செப்டம்பர் 8, திங்கள்

நேற்று ஞாயிறு. பாதி வண்டிகள் ஓடவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

அக்கா போன் செய்தாள். மாமா சந்தையில் இன்னும் வாங்கியிருக்கிறாராம். ஒரு லாட் அல்ல, நிறைய.

சாயங்காலம் பட்டறைக்கே போனேன். இரும்புத்தூள் வாசனை, எண்ணெய்க் கறை, ஏழு ஆட்கள். மாமா மோட்டார் ஷாப்ட் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் எதுவும் சொல்லக்கூடாது, சட்டம். ஆனால் எல்லோருக்கும் வெளியிட்ட புத்தகத்தைப் படிக்கச் சொல்வதில் தப்பில்லை. அதை யோசித்தே போனேன்.

"மாமா, கம்பெனி வெளியிட்ட புஸ்தகத்துல ரிஸ்க்குனு ஒரு பகுதி இருக்குதுங்க. படிச்சீங்களா? வண்டி எண்ணிக்கை சரியா இல்லாமப் போகலாம்னு அவங்களே போட்டிருக்காங்க."

"சிகரெட்டு அட்டையிலயுந்தான் நுரையீரல் படம் போடறான், எவன் படிக்கறான்?" என்றார். "எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் போடும் அம்மிணி. போடாட்டித்தான் சந்தேகப்படோணும்."

சரியான பதில்தான். எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் போடும். அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? படிக்கச் சொன்னேன், படிக்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

பட்டறையில் ஆயுத பூஜை. லேத்துகளைக் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். வாழைக்கன்று, பொரி, சுண்டல். ஆட்களுக்குச் சட்டைத் துணி, போனஸ் கவர். மாமா புது வேட்டியில் மாப்பிள்ளைபோல இருந்தார். அக்கா எனக்குப் பொரியை மடியில் கொட்டினாள்.

மாமா என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"சைட்டுப் பணத்துல முக்கால்வாசி போட்டாச்சு அம்மிணி."

"ஏனுங்க மாமா? ஷெட்டுக்கு வெச்ச பணமாச்சே?"

"நீதான் காரணம்."

"நானா? நான் ஒரு வார்த்தை சொல்லலியே!"

"அதைத்தான் சொல்றேன்" என்று குரலைத் தணித்தார். "முன்னெல்லாம் வந்தீனா ஆபீசு கதையா அளப்பே. மேனேஜரு அப்படி, லாரிக்காரன் இப்படின்னு. ரண்டு மாசமா அந்தப் பேச்சை எடுத்தா எந்திரிச்சுப் போயர்றே. உங்கக்காதான் மொதல்ல கண்டுபிடிச்சா. உள்ள என்னமோ பெரிய நல்ல காரியம் நடக்குது, முடியற வரைக்கும் புள்ள வாயத் தொறக்க மாட்டான்னு. நம்மூட்டு வளர்ப்பு அப்படியல்லோ."

அக்கா தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

சுண்டல் நன்றாக இருக்கிறது என்று ஏதோ உளறினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்கூட்டியில் அழுதேன். நான் வாயை மூடியதுதான் அவருக்குச் சேதி ஆகிவிட்டது. இனி திறந்தால் சட்டம், மூடினால் இது.

சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்குள் சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 9, வியாழன்

"நீச்சல் தெரிஞ்ச லாரி பார்த்திருக்கீங்களா அக்கா?" என்று ஜெரால்டு கேட்டான்.

கண்ணாடி அறைக்குள் வந்து மடிக்கணினியை வைத்தான். புளியம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வரிசைப் புள்ளிகள். எந்தச் சாலையிலும் இல்லை. பவானிசாகர் அணையின் தண்ணீருக்கு மேலே, நடு நீரில், ஒரே வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. முந்நூறுக்கு மேல் இருக்கும். மறுகரையில் ஏறித் திம்பம் பக்கம் போயின. ஜெரால்டு சிரிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்திக்கொண்டான்.

"உங்க மாமா வாங்கியிருக்காருன்னு சொன்னீங்கள்ல. சொல்லிட்டீங்களா?"

"உன் வேலை எதுவோ அதைப் பார்" என்று கத்திவிட்டேன். வெளியே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக் கதவால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

ஜெரால்டு வேலையை விட்டுவிட்டான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம். "என் பேரை எதுலயும் போட்டுராதீங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் இடத்துக்கு ஆள் எடுக்க வேண்டாம் என்று மேலிருந்து உத்தரவு.

பங்கு விலை இருநூற்று எண்பதுக்கு இறங்கியிருக்கிறது. காரணம் யாருக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 15, புதன்

பில்டர் ஆபீசிலிருந்து போன். கார்த்திகை முதல் வாரத்தில் மீதித் தொகை வராவிட்டால் பிளாட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அட்வான்சில் பாதிதான் திரும்பும். "மேடம், உங்களுக்காகத்தான் ஹோல்டு பண்ணி வெச்சிருக்கோம்" என்கிறான். பொய் சொல்கிறான் என்று தெரிகிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப்புடவை கட்டி, இட்லியும் குடல் குழம்பும் சாப்பிட்டு, எல்லாம் நல்லபடியாக நடந்தது. அக்கா எனக்கு எடுத்திருந்த புடவை மயில்கழுத்து நிறம்.

மாமா வாசலில் வெடிக்காத சரத்தைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. போனேன்.

"மாமா, அந்த ஷேர் விசயமா உங்ககிட்ட ஒண்ணு..."

உடனே கையை உயர்த்தித் தடுத்தார். "வேண்டாம். சொல்லாத அம்மிணி. நீ கையெழுத்துப் போட்டிருக்கறே. பொறவு உன்ற வேலைக்கு ஆவத்து. எனக்காக நீ கஷ்டப்பட வேண்டாம். விலை எறங்குனப்பக் கொஞ்சம் பயந்தேன், மெய்தான். இப்ப நீயே வாயெடுக்கறீன்னா, நான் பயந்தது தெரிஞ்சு தைரியம் சொல்ல வர்றே, அவ்வளவுதானே?"

"அது இல்லீங்க மாமா."

"வேண்டாம்னா வேண்டாம். நல்ல நாளு."

அக்கா உள்ளேயிருந்து அதிரசம் சாப்பிடக் கூப்பிட்டாள். போய்விட்டோம்.

நான் சொல்லத்தான் போனேன். அவர்தான் தடுத்தார். இதற்கு மேல் கழுத்தைப் பிடித்துச் சொல்ல முடியாது.

அக்டோபர் 27, திங்கள்

சொல்லியிருக்கலாம். "வித்துருங்க மாமா" என்று இரண்டே வார்த்தை. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவர் விற்றிருப்பார்.

அவர் விற்றால், கூடவே வாங்கிய அக்காவின் நாத்தனாரும் விற்பார். பட்டறைச் சங்கத்தில் அவரைப் பார்த்து வாங்கியவர்கள் எத்தனை பேரோ, எல்லோரும் விற்பார்கள். ஏன் விற்கிறார்கள் என்று பேச்சு கிளம்பும். நவம்பருக்கு முன்னால் விலை எங்கே போகும் என்று யார் சொல்ல முடியும்?

அதற்காக நான் சொல்லாமல் இருக்கிறேன் என்று அர்த்தமில்லை. சட்டம்தான் காரணம்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. சமையலறைச் சுவர் ஊறிப்போய்விட்டது. வீட்டுக்கார அம்மாளிடம் சொன்னால், "நீங்கதான் காலி பண்ணப் போறீங்களே" என்கிறார். அவருக்கு எப்படித் தெரியும்? ஊரில் எனக்கு மட்டும்தான் ரகசியம் காக்கத் தெரியும் போல.

நவம்பர் 12, புதன்

காலாண்டுக் கணக்கு வெளியானது. வருமானம் ஏறியிருக்கிறது, வண்டிகள் அறுபதாயிரத்திலிருந்து எழுபதாயிரம் ஆகியிருக்கின்றன. தொலைக்காட்சியில் கிரிதரன் சார் புன்னகையோடு பேசினார். பங்கு ஒரே நாளில் முந்நூற்றுப் பத்துக்கு ஏறியது.

மாலையில் என் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார். "ஜன்னல் திங்கட்கிழமை திறக்குது தாரணி. உங்களுக்கு பிளாட் வேலை இருக்குமே" என்றார். கொஞ்சம் நின்று, "மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா வித்தா யாருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்ன விதத்தில் அக்கறை இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. அவருடைய பங்குகளை ஒன்றரை வருடம் விற்க முடியாது என்கிறார்கள். ஆனால் அவருடைய மாமனார் விற்றுக்கொண்டிருப்பதாக அக்கவுண்ட்ஸில் பேச்சு.

நவம்பர் 14, வெள்ளி

விற்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன். கணினியில் ஒரே ஒரு கேள்வி: வெளியே வராத முக்கியத் தகவல் எதுவும் என்னிடம் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.

டிக் செய்தேன். எல்லோரும் செய்வதுதான். செய்யாவிட்டால் அடுத்த பக்கமே திறக்காது.

பத்து நிமிடத்தில் அனுமதி வந்துவிட்டது.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

கேன்டீன் மூலையில் உட்கார்ந்து விற்றேன். மொத்தமாகப் போட்டால் கண்ணில் படும் என்பதால் ஐந்நூறு ஐந்நூறாக. முதல் இரண்டு முறை விலை சறுக்கியது. பிறகு சறுக்கவில்லை. நான் போடப் போட யாரோ ஒரு புண்ணியவான் கீழே நின்று வாங்கிக்கொண்டே இருந்தார். மதியத்துக்குள் என்னிடம் ஒரு பங்கும் மிச்சமில்லை. மூன்று மாதத்தில் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள், சோமவாரம், கோவிலுக்குப் போய்விட்டு இங்கேயே சாப்பிடு என்று. போனேன். மாமா வாசலிலேயே நின்றிருந்தார். இத்தனை சந்தோஷமாக அவரைப் பார்த்து நாளாயிற்று.

"இன்னைக்குக் காலைல ஒரு கூத்து அம்மிணி" என்று சோபாவில் உட்காருவதற்குள் ஆரம்பித்தார். "ரிசல்ட்டு இவ்வளவு நல்லா வந்திருக்குது, எவனோ ஒரு கிறுக்குப்பய ஐந்நூறு ஐந்நூறா கொட்டறான்! நான் உடுவனா? அவன் கொட்டக் கொட்ட அள்ளிப் போட்டேன். ஷெட்டுக்கு மிச்சம் வெச்சிருந்தேனல்லோ, அதும் போட்டாச்சு."

"எல்லாமுங்களா மாமா?"

"எல்லாம். தைக்குள்ள ஷெட்டும் வந்துரும், புதுசா ஒரு மிசினும் வந்துரும். பழைய எடத்துக்காரன்கிட்ட மார்கழி கடைசில சாவியத் தந்தர்றேன்னு எழுதியே குடுத்துட்டேன்."

நான் தண்ணீர் கேட்டேன். அக்கா கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவள் முகம் ஒட்டிப்போயிருந்தது. நான் கவனிக்காமலே இருந்திருக்கிறேன்.

"இவரு சொல்றாரு, ஆனா எனக்கு மூணு வாரமாத் தூக்கமே இல்ல தாரணி" என்றாள். "ஏழு பேர் குடும்பம் அந்தப் பட்டறைய நம்பி இருக்குது."

"சும்மா இரு கலாமணி" என்ற மாமா என் பக்கம் திரும்பினார். "ரிசல்ட்டுதான் வந்துருச்சல்லோ? இப்ப நீ பேசறதுல தப்பில்ல. உங்கக்காளுக்காக ஒண்ணே ஒண்ணு சொல்லு போதும். நான் பண்ணது சரிதானே?"

இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக் காலை சந்தை திறந்ததும் விற்கச் சொன்னால்கூடப் பெரும்பாலும் தப்பிவிடுவார். அது எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னால், இன்று காலை விற்றது யார் என்று அவர் கண்டுபிடிக்கவும் நேரமாகாது, அதுவும் தெரியும்.

"சரிதானுங்க மாமா" என்றேன். "ஒண்ணும் ஆகாது."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். என் தலையைத் தொட்டுத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை முறித்தாள். "நீ சொல்லிட்டீல்ல. இன்னைக்குத் தூங்குவேன்" என்று அடுப்படிக்குப் போய்த் தோசைக்கல்லை வைத்தாள்.

நான்கு தோசை சாப்பிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

பணம் கணக்கில் வந்துவிட்டது. அப்படியே பில்டருக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை கடைவீதிக்குப் போய் அக்காவுக்கு நல்ல பட்டுப்புடவை ஒன்று எடுக்க வேண்டும்.